பன்னெண்டு நிமிஷம் பாக்கி

ஐயய்யோ, அடிச்சிடாதீங்க சார். கொசுதானே? ஊதுங்க, பறந்துடும். ஆங், போயிடுச்சு பாருங்க. கோவிச்சுக்காதீங்க, முன்னப்பின்ன தெரியாத ஆளு கையைப் புடிக்கறானேன்னு பாக்கறீங்க. பழக்கம் சார். நாங்க நயினாருங்க, சமணம். அப்படிச் சொன்னா உடனே வடக்கேருந்து வந்த சேட்டுன்னு நெனைச்சுக்கறாங்க. நாங்க தமிழுதான் சார், இந்த மண்ணுதான், ஏர் ஓட்டற குடும்பம்தான். எறும்புக்கும் வலிக்கும்னு சொல்லிச் சொல்லி வளத்துட்டாங்க, அவ்வளவுதான். என் பேரு அப்பாண்டைராஜன். முப்பத்தியொரு வருஷம் தமிழ் வாத்தியார். ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆகுது.

நீங்க வந்தவாசியா? அப்ப சரி, நான் அதுக்கு முன்னாடியே கூட்ரோட்டுல எறங்கிடுவேன். பொழுது சாயறதுக்குள்ள வீடு போய்ச் சேரணும். இருட்டிட்டா சாப்பிட மாட்டேன். சின்ன வயசுலேருந்து ஒரு நாள் தவறினதில்ல. தண்ணியக்கூட துணியில வடிகட்டித்தான் குடிப்பேன். மண்ணுக்குள்ள விளையற எதையும் தொட மாட்டேன், வெங்காயம் உருளைக்கிழங்கு எதுவும் கெடையாது. பெருமைக்குச் சொல்லல சார். ஒருத்தன் இப்படியெல்லாம் இருந்து என்ன கண்டான்னு சொல்ல வரேன்.

இப்ப எங்கேருந்து வரேன்னு கேளுங்க. என் சகலை வீட்டுலேருந்து. என் சம்சாரம் ஸ்ரீமதி மூத்தவ, அவன் சம்சாரம் விமலா இளையவ. அவன் பேரு தரணேந்திரன். நெல்லு அறுக்கற மிஷின் வெச்சிருக்கான், அவனே ஓட்டுவான். அந்த மிஷின் ஒரு தடவை வயல்ல போனா எத்தனை ஜீவன் போகும், நீங்களே கணக்குப் போடுங்க. வீட்டுல வெங்காய சாம்பார் மணக்கும். ராத்திரி ஒம்போது மணிக்குத் தோசை தின்னுவான். எட்டாங்கிளாஸ் தாண்டல. அந்த ஆளு வீட்டுலதான் சார் என் பொண்ணு இருக்கா. அப்பன் குத்துக்கல்லாட்டம் உயிரோட இருக்கறப்ப சித்தப்பன் வீட்டுல. ஊரு உலகத்துல நடக்குமா இது?

பேரு பிராமி. எங்க ஆதிபகவானோட பொண்ணு பேரு, நான்தான் தேடி வெச்சேன். ஒரே பொண்ணு, அவளுக்குக் கீழ ஒரு பையன், அவன் ஓசூர்ல வேலை. பிராமி பி.எட் முடிச்சதும் நல்ல இடம்னு பாத்துதான் குடுத்தேன். மாப்பிள்ளை ஜெயசேனன், நம்ம ஆளுங்கதான். சிகரெட் கெடையாது, தண்ணி கெடையாது, ராத்திரிச் சாப்பாடு கெடையாது. அதைப் பாத்துத்தான் சார் குடுத்தேன். கை நீட்டுவானான்னு யாராவது ஜாதகத்துல பாப்பாங்களா?

மூணு வருஷம் இருந்தா. போன வருஷம் ஆனி மாசம், சாயங்காலம் ஆறு மணி இருக்கும், ஒரு பையோட வந்து நிக்கறா. கண்ணுக்குக் கீழ நீலமா இருக்குது. நான் மொதல்ல என்ன சொன்னேன் தெரியுமா? “வாம்மா, பொழுது சாயப் போவுது, மொதல்ல சாப்பிட்டுடு”ன்னேன். பெத்த பொண்ணு பட்டினியா படுக்கக் கூடாதுன்னுதானே சொன்னேன்? அதை இன்னிக்கும் ஸ்ரீமதி குத்திக் காட்டுவா. “கண்ணு வீங்கி வந்தவள ‘என்னடி ஆச்சு’ன்னு கேக்காம சூரியனைப் பாத்த மனுஷன்”னு.

மறுநாள் கேட்டேன் சார். கேக்காமயா இருப்பேன்? எல்லாம் சொன்னா. நான் பொறுமையா கேட்டுட்டு, “பொறுத்தார் பூமி ஆள்வார், கோவத்தைக் கோவத்தால ஜெயிக்க முடியாது, அவரும் ஒரு நாள் திருந்துவார்”னு சொன்னேன். பள்ளிக்கூடத்துல ஆயிரம் பசங்களுக்குச் சொன்னதுதான். அவ தலையக் குனிஞ்சுட்டுக் கேட்டுக்கிட்டா. கேட்டுக்கிட்டான்னுதான் நான் நெனைச்சேன்.

அந்த வருஷம் எங்க ஊரு கோயில்ல ஒரு மாதாஜி தங்கியிருந்தாங்க. துறவி அம்மா. மழைக்காலம் நாலு மாசம் அவங்க ஊர் ஊரா நடக்க மாட்டாங்க, புல்லு பூண்டு புழு மிதிபடும்னு ஒரே ஊர்ல இருப்பாங்க. எங்க ஊருக்குக் கெடைச்ச பாக்கியம். தினம் காலையில அவங்க முன்னாடி சாஸ்திரம் படிக்கறது நான்தான். வேற யாரு இருக்கா படிக்க? அந்தக் கூட்டத்துக்குத்தான் தரணேந்திரனும் அப்பப்ப வருவான். கடைசி வரிசையில உக்காந்து தூங்குவான். நானே ரெண்டு தடவை எழுப்பி விட்டிருக்கேன்.

ஆடி மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். இப்ப நான் சொல்றதை நீங்க கவனமா கேக்கணும், ஏன்னா ஊர்ல ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க. நான் கூடத்துல சாமாயிகத்துல உக்காந்திருந்தேன். சாமாயிகம்னா என்னன்னா, நாப்பத்தெட்டு நிமிஷம். உக்காந்தா உக்காந்ததுதான். யாரு வந்தாலும் எழுந்திரிக்கக் கூடாது, பேசக் கூடாது, விருப்பு வெறுப்பு இருக்கக் கூடாது. அந்த நாப்பத்தெட்டு நிமிஷம் நான் சம்சாரி இல்ல, துறவிக்குச் சமானம். பாம்பு மேல ஏறினாலும் அசையக் கூடாதுன்னு இருக்கு. எதிர்ல ஒரு கடிகாரம் வெச்சுக்குவேன். ஸ்ரீமதி கோயிலுக்குப் போயிருந்தா. பிராமி முற்றத்துல துணி காயப் போட்டுட்டிருந்தா.

மாப்பிள்ளை வந்துட்டான். பைக்கை நிறுத்திட்டு, ஹெல்மெட்டைக் கையில புடிச்சுக்கிட்டு நேரா முற்றத்துக்கு. “கெளம்புடி”ன்னான். அவ வரலன்னா. தலைமயிரைப் புடிச்சான் சார். அவ “அப்பா”ன்னா. ரெண்டு தடவை சொன்னா. நான் கண்ணைத் தொறந்தேன். கடிகாரத்தைப் பாத்தேன். இன்னும் பன்னெண்டு நிமிஷம் பாக்கி.

என்ன பண்ணியிருப்பீங்க நீங்க? சொல்லுங்க. விரதத்தை உடைச்சிருப்பீங்க, ஏன்னா உங்களுக்கு விரதம் இல்ல. எனக்கு இருக்கே. மனசால சொன்னேன் சார், மாப்பிள்ளை வேணாம், வேணாம்னு. உள்ளுக்குள்ள நூறு தடவை கும்பிட்டேன். அதுக்குள்ள வாசல்ல ஜீப் சத்தம். கோயிலுக்கு நெல்லு மூட்டை எறக்க வந்த தரணேந்திரன், சத்தம் கேட்டு உள்ள வந்துட்டான். நேரா போய் ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னான். மாப்பிள்ளை ஹெல்மெட்டால அவன் தோள்ல ஒண்ணு போட்டான். நின்னான். இன்னொண்ணு போட்டான். அப்பவும் நின்னான். மூணாவது பிராமி தலைக்கு வந்தது. அந்தக் கையை மட்டும் புடிச்சான். புடிச்சு ஒரு திருகு. மளுக்குனு கேட்டுச்சு சார், கூடத்துல உக்காந்திருந்த எனக்கே கேட்டுச்சு. மாப்பிள்ளைக்கு மணிக்கட்டு ஒடைஞ்சுபோச்சு.

அப்புறம் தரணேந்திரனே மாப்பிள்ளையைத் தூக்கி ஜீப்புல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். பிள்ளையையும் கிள்ளிட்டுத் தொட்டிலையும் ஆட்டறது. பிராமியையும் கூடவே ஏத்திக்கிட்டான், தலையில அடி பட்டிருக்கான்னு பாக்கணுமாம். போனவதான். திரும்பி நம்ம வீட்டுக்கு வரல.

சரி, இதுவரைக்கும்கூட நான் பொறுத்துக்குவேன். முரட்டுப் பய, கை நீட்டிட்டான், போவட்டும். ஊர்ல அன்னிக்கு ராஜா அவன்தான். டீக்கடைல தரணேந்திரன், பஸ் ஸ்டாண்டுல தரணேந்திரன். அதுவும் போவட்டும். அதுக்கப்புறம் என்ன பண்ணினான் தெரியுமா? நேரா மாதாஜிகிட்ட போய்க் கால்ல விழுந்து அழுதான். “அம்மா, ஒரு எலும்பை ஒடைச்சுட்டேன், என் கைக்குத் தெரியுது அது ஒடைஞ்சது, எனக்குப் பிராயச்சித்தம் குடுங்க”ன்னு. எப்படி இருக்கு பாருங்க.

மாதாஜி என்ன சொன்னாங்கன்னா, “இல்லறத்துல இருக்கறவன், எதிர்த்து வந்தவன்கிட்டேருந்து இன்னொரு உசுரைக் காப்பாத்தப் பண்ணின ஹிம்சை உனக்கு விலக்கப்பட்டது இல்ல. ஆனா வலி வலிதான், அதனால கழுவிக்கோ”ன்னாங்க. இந்தச் சட்டம் எனக்குத் தெரியாதா? ஹிம்சை நாலு வகை, எதிர்த்து வந்தவனைத் தடுக்கப் பண்றது அதுல ஒண்ணுன்னு அதே கோயில்ல நான்தானே படிச்சுக் காட்டினேன்! நான் படிக்கறப்ப அவன் தூங்கினான் சார். தூங்கினவனுக்குச் சட்டம் ஒதவுது, படிச்சவனுக்கு ஒதவல.

பதினோரு நாள் தண்ணியோட உபவாசம் குடுத்தாங்க. அது இல்லாம, மாப்பிள்ளைக்குக் கட்டுப் பிரிக்கற வரைக்கும் வாரம் ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வரணும்னாங்க. போனான். மாப்பிள்ளை கண்டபடி திட்டினானாம், இவன் கேட்டுக்கிட்டு வந்தானாம். வெங்காய சாம்பார் தின்னவன் பதினோரு நாள் பட்டினி கெடந்தான், மிஷினை ஒரு நாள்கூட எடுக்கல. ஊரே அவனைப் பாக்கப் போச்சு. அடிச்சதுக்கும் புகழ்ச்சி, அடிச்சதுக்கு வருத்தப்பட்டதுக்கும் புகழ்ச்சி. அடிக்காம உக்காந்திருந்தானே ஒருத்தன், அவனை யாராவது எட்டிப் பாத்தாங்களா?

நானும் மாதாஜிகிட்ட போனேன். “அம்மா, அவ்வளவு நடந்தும் நான் சாமாயிகத்தை உடைக்கல”ன்னேன். அவங்க “உக்காந்திருந்தப்ப மனசு எங்க இருந்தது?”ன்னு கேட்டாங்க. பொய் சொல்லக் கூடாதே. “கடிகாரத்துல இருந்ததும்மா”ன்னேன். சிரிச்சாங்க. ஏன் சிரிச்சாங்கன்னு இன்னிவரைக்கும் எனக்குப் புரியல.

என்னைக் கோழைன்னு நெனைக்காதீங்க சார். வாழ்க்கையில ஒரே ஒரு தடவை நானும் கை ஓங்கியிருக்கேன். பிராமிக்கு ஏழு வயசு. தம்பி தவழற குழந்தை, பாயில கெடக்கான். ஒரு தேள் அவனைப் பாத்துப் போச்சுன்னு சொல்லி, செருப்பால அடிச்சுக் கொன்னுட்டா. ஓடி வந்து “அப்பா, தம்பியைக் காப்பாத்திட்டேன்”னு காட்டறா. விட்டேன் ஒரு அறை. முறத்துல எடுத்துப் போட்டிருக்கக் கூடாதான்னு கேட்டேன். அப்புறம் அவ ஒரு புழுவைக்கூட மிதிச்சதில்ல. அப்படி அடிச்சுச் சொல்லிக் குடுத்த அஹிம்சை சார் அது. அந்தப் பொண்ணு இன்னிக்கு ஒரு எலும்பை ஒடைச்சவன் வீட்டுல உக்காந்திருக்கா.

பாரணை அன்னிக்குத்தான் எனக்கு உசுரு போச்சு. பாரணைன்னா உபவாசம் முடிக்கறது, முந்தின நாள் பொழுது சாஞ்சதுலேருந்து தண்ணியும் தொட்டிருக்க மாட்டோம். காலையில, சூரியன் வந்தப்புறம், மனசுக்குப் புடிச்சவங்க மொதல் கரண்டித் தண்ணி ஊத்துவாங்க. நான் இருபத்திரெண்டு வருஷமா ஆவணியில பத்து நாள் உபவாசம் இருக்கேன். பிராமிக்கு ஆறு வயசானதுலேருந்து அவதான் எனக்கு ஊத்துவா. சின்னப் பித்தளைக் கரண்டி. கை நடுங்கும், பாதித் தண்ணி என் வேட்டியில ஊத்திட்டுச் சிரிப்பா. கல்யாணம் ஆகிப் போனப்புறமும் அதுக்குன்னு வருவா. அந்தப் பத்து நாளும் நான் சாமியை நெனைச்சேனோ இல்லியோ, அந்தக் கரண்டியைத்தான் நெனைச்சுக்கிட்டுக் கெடப்பேன்.

தரணேந்திரன் பாரணைக்கு நானும் போனேன். போகலன்னா பேசுவாங்களே. கோயில் மண்டபம் நெறைய கூட்டம். அவன் கறுத்துச் சுருங்கிப்போய் உக்காந்திருக்கான். விமலா கரண்டியை எடுத்தா. அவன், “நீ இரு, குழந்தை ஊத்தட்டும்”னு சொன்னான். குழந்தையாம்! அவனுக்கு ரெண்டும் ஆம்பளைப் பசங்க, பொண்ணு இல்ல. என் பொண்ணு முன்னாடி வந்தா. கை நடுங்கல சார். ஒரு சொட்டு சிந்தல. ஊத்திட்டு, “சித்தப்பா”ன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னா. அவன் அழுதான், அவ அழுதா, ஊரே அழுதுது. நான் ஒரு தூணைப் புடிச்சுக்கிட்டு நின்னேன்.

பொறாமைன்னு நெனைக்காதீங்கன்னு சொல்லலாம்னுதான் பாத்தேன். ஆனா பொறாமைதான் சார். வயிறு எரியுது. அவன் மிஷின் மேலயோ ஊரு பேச்சு மேலயோ எனக்கு ஆசை இல்ல. அந்த ஒரு கரண்டித் தண்ணி. அது என்னோடது. அந்த வருஷம் என் உபவாசத்துக்கு அவ வரல. ஸ்ரீமதிதான் ஊத்தினா, அதுவும் மொகத்தைத் திருப்பிக்கிட்டு. தண்ணி உள்ள எறங்கல, கசந்துச்சு.

அவ இப்ப அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்துல வேலை பாக்கறா. விவாகரத்து கேஸ் கோர்ட்டுல நடக்குது. மாசம் ஒரு தடவை நான் போவேன். போனா மரியாதையாதான் பேசுவா, காப்பி குடுப்பா. தரணேந்திரன்கூட “வாங்கண்ணா”ன்னு எழுந்து நின்னு நாற்காலி போடுவான். அவன் மரியாதை குடுக்கக் குடுக்க எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஒரு தடவையாவது எடுத்தெறிஞ்சு பேசினான்னா நிம்மதியா வெறுக்கலாம். அதுக்கும் எடம் குடுக்க மாட்டேங்கறான் பாவி.

இந்தத் தடவை எதுக்குப் போனேன்னா, உபவாசம் ஆரம்பிக்க இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்கு. எனக்கு அறுபத்தி நாலு ஆகுது. டாக்டர் வேணாம்னுதான் சொல்றாரு. இதுதான் கடைசின்னு வெச்சுக்கிட்டேன். பிராமி வந்து ஊத்தணும், அவ்வளவுதான். வேற ஒண்ணும் கேக்கறதில்லன்னு முடிவு பண்ணிக்கிட்டுப் போனேன்.

வீட்டுல அவன் முன்னாடி கேக்க எனக்கு வாய் வரல. சாப்பிட்டேன். எனக்குன்னு தனியா வெங்காயம் இல்லாம வெச்சிருந்தா விமலா. கெளம்பினேன். பஸ் ஸ்டாப்பிங் வரைக்கும் பிராமி கூட வந்தா. அங்க யாரும் இல்ல. “பாரணைக்கு வாம்மா”ன்னு கேட்டேன். பெத்த பொண்ணுகிட்ட கெஞ்சறது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது சார்.

அவ ரோட்டைப் பாத்துக்கிட்டே சொன்னா, “நீங்க அவரை அடிக்கலன்னு எனக்குக் கோவமே இல்லப்பா. அடிக்கணும்னு நான் நெனைக்கவும் இல்ல. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வந்து உக்காந்திருந்தாப் போதும். அதே சாமாயிகத்தை முற்றத்துல வந்து பண்ணியிருக்கலாமே”ன்னா. எனக்குச் சந்தோஷமாப் போச்சு. பாத்தீங்களா, அவளே சொல்லிட்டா, அடிச்சிருக்க வேணாம்னு! இதைத் தரணேந்திரன் கேக்கணுமேன்னு இருந்துச்சு. “அதைத்தாம்மா நானும் சொல்றேன்”னேன்.

அவ என்னைப் பாத்து, “வரேம்பா, பாரணைக்கு வரேன்”னா. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. “ஆனா ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவர் பைக் தெருமுனையில திரும்பினப்ப நீங்க வாசல்ல நின்னு வேப்பங்குச்சியால பல்லு குத்திட்டிருந்தீங்க. நான் கொடியில துணி போட்டுக்கிட்டே பாத்தேன். பைக்கைப் பாத்துட்டு உள்ள போனீங்க. கடிகாரத்தை எடுத்தீங்க. அப்புறம்தான் உக்காந்தீங்க. அப்பவே நாப்பத்தெட்டுல பன்னெண்டு நிமிஷம்தான் பாக்கின்னு ஊரெல்லாம் சொல்றீங்களே, அது எப்படிப்பா ஆச்சு?”ன்னா.

அதுக்குள்ள இந்த பஸ் வந்துடுச்சு. ஏறிட்டேன். அவ கீழயே நின்னுட்டிருந்தா. பதில் சொன்னா வரேன்னுதான் சார் அர்த்தம், கோவமா கேக்கல, மெதுவாத்தான் கேட்டா. போன்ல சொல்லிடலாம். நம்பர் இருக்கு. ஒரே வார்த்தைதான், “ஆமாம்மா”ன்னு சொன்னாப் போதும். பைக்கைப் பாத்தேன் சார். அவன் மொகத்தையும் பாத்தேன். பயத்துல உள்ள ஓடிப் போய் உக்காந்துட்டேன். உங்ககிட்ட சொல்லிட்டேன், நீங்க வந்தவாசியில எறங்கிப் போயிடுவீங்க. அவகிட்ட எப்படிச் சொல்றது? சொல்லிட்டு அப்புறம் அவ கையால தண்ணி குடிச்சா எறங்குமா எனக்கு?

கூட்ரோடு வருது, எழுந்திருக்கறேன். பையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. ஒண்ணு மட்டும் கேட்டேன் சார், பஸ் படியில கால் வெச்சுக்கிட்டே கேட்டேன். “இதை உங்க சித்தப்பாகிட்ட சொன்னியா?”ன்னு. “இல்லப்பா, அம்மாகிட்டகூடச் சொல்லல. ஒரு வருஷமா யாருகிட்டயும் சொல்லல”ன்னா. ஊரு முழுக்க என்னை விரதத்துல உக்காந்திருந்த மனுஷன்னே நெனைக்கட்டும்னு காப்பாத்தியிருக்கா. அவன்கிட்ட எல்லாத்தையும் சொல்றவ, இதை மட்டும் சொல்லல. இந்த ஒண்ணு அவனுக்கு இல்ல சார். இதை எனக்குன்னு வெச்சிருக்கா.